அந்திக்கிறிஸ்துவும் சேலம் ஸ்டீலும்

கிறிஸ்தவக் கன்வென்ஷன் நோட்டீஸ்களை விடாமல் படிக்கிறவர்களிடம் 'அந்திக்கிறிஸ்து' என்றால் யார் என்று கேட்டுப் பாருங்கள். அந்திக்காலத்தில் வரப்போகிறவன், உலகத்தின் சாயங்காலத்தில் எழும்பப்போகிறவன் என்று பதில் வரும். தமிழ்க் காது அப்படித்தான் கேட்கும். அந்திக்கடை, அந்திச்சந்தை, அந்திமந்தாரை என்கிற வரிசையில் அந்திக்கிறிஸ்துவும் ஒழுங்காகப் போய் உட்கார்ந்துகொள்கிறான். நடுவில் 'க்' கூட இலக்கணப்படி மிகுந்திருக்கிறது. போதாக்குறைக்கு, அந்தச் சொல் முதலில் வருகிற வசனமே 'பிள்ளைகளே, இது கடைசிக்காலமாயிருக்கிறது' என்றுதான் தொடங்குகிறது.

ஆனால் இது தமிழ் அந்தி அல்ல, கிரேக்க 'ஆன்டி'. அந்த ஒட்டுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று எதிராக, மற்றொன்று பதிலாக. கத்தோலிக்கர் கையில் உள்ள திருவிவிலியம் 'எதிர்க்கிறிஸ்து' என்று முதல் பொருளை எடுத்துக்கொண்டது. புராட்டஸ்டண்டு சபைகள் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு ஒலியை மட்டும் தமிழில் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. இரண்டாவது பொருளுக்கு நம் ஊரிலேயே உவமை இருக்கிறது. ஆடி மாதத்தில் குகை மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கையில் சாமி வேடம் கட்டி வண்டியில் நிற்கிறவரை எல்லோரும் ரசிக்கிறார்கள். அது வேடம் என்று நிற்கிறவருக்கும் தெரியும், பார்க்கிறவருக்கும் தெரியும். வேடத்தைக் கலைக்க மறுத்து, 'நான்தான்' என்று சாதிக்கிறவனே 'பதில்' கிறிஸ்து. எதிரி என்றால் வெளியிலிருந்து வருகிறான், போலி என்றால் உள்ளிருந்து வருகிறான். இரண்டாயிரம் வருடச் சண்டையில் பாதி இந்த ஒட்டின் இரட்டைப் பொருளிலேயே அடங்கிவிடுகிறது.

பைபிள் முழுவதிலும் இந்தச் சொல் வருவது நான்கு வசனங்களில் மட்டும்தான்: 1 யோவான் 2:18, 2:22, 4:3, பிறகு 2 யோவான் 7. முதல் வசனத்தில் இரண்டு முறை வருவதால் மொத்தம் ஐந்து. 666 வருகிற, பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் இந்தச் சொல் ஒரு தடவைகூடக் கிடையாது. தானியேலில் இல்லை, பவுலின் நிருபங்களில் இல்லை, இயேசுவின் பேச்சிலும் இல்லை. மத்தேயு 24-ல் இருப்பது 'கள்ளக் கிறிஸ்துக்கள்', அது வேறு சொல்.

அந்த நான்கு வசனங்களும் சொல்வதைப் பார்த்தால், இன்றைய மேடைகளில் கேட்கிற ஆளே அங்கே இல்லை. 'இப்பொழுதும் அநேக அந்திக்கிறிஸ்துகள் இருக்கிறார்கள்' என்று யோவான் பன்மையில் எழுதுகிறார். அடுத்த வசனத்திலேயே 'அவர்கள் நம்மைவிட்டுப் பிரிந்துபோனார்கள்' என்கிறார். உலகத்தை ஆளும் சக்கரவர்த்தி யாரும் இல்லை, முத்திரை இல்லை, ஏழு வருட ஒப்பந்தம் இல்லை. போன மாதம்வரை ஒரே பந்தியில் அப்பம் பிட்டுவிட்டு, இயேசு உண்மையான உடம்போடு வரவில்லை என்று சொல்லித் தனியாகப் போனவர்களைத்தான் அவர் குறிக்கிறார். ஒரு சபைப் பிரிவினைக் கடிதத்தில் உள்ள வசைச்சொல் அது.

பிறகு அந்தப் பெரிய உருவம் எங்கிருந்து வந்தது? தைத்ததுதான். நான்கு துணிகள். தானியேல் 7-ல் பத்துக் கொம்புகளுக்கு நடுவே முளைக்கிற சின்னக் கொம்பு ஒன்று. 2 தெசலோனிக்கேயர் 2-ல் தேவாலயத்தில் உட்கார்ந்து தன்னைத் தேவன் என்று காட்டுகிற 'கேட்டின் மகனாகிய பாவமனுஷன்'. வெளிப்படுத்தின விசேஷம் 13-ல் கடலிலிருந்து ஏறுகிற மிருகம். கடைசியாக யோவானின் நிருபத்தில் உள்ள பெயர். அம்மாப்பேட்டைத் தறியில் பழைய பாவு தீரும்போது புதுப் பாவை அதன் நுனியோடு இழை இழையாக முறுக்கிச் சேர்ப்பார்களே, அந்த மாதிரி இந்த நான்கையும் நெருக்கமாகச் சேர்த்தவர்களில் முக்கியமானவர் லியோன் நகரத்து ஆயர் இரேனியு. காலம் சுமார் கி.பி. 180. எருசலேம் ஆலயத்தில் உட்காருவது, மூன்றரை வருட ஆட்சி, தாண் கோத்திரத்தில் பிறப்பு எல்லாம் அவர் எழுத்தில் ஒரே ஆள்மீது சேர்ந்துவிட்டன. தாண் எதற்கு என்றால், வெளிப்படுத்தின விசேஷம் 7-ல் முத்திரை போடப்பட்ட கோத்திரப் பட்டியலில் அந்தப் பெயர் விடுபட்டிருக்கிறது. விடுபட்டவனைச் சந்தேகப்படுவது எல்லா ஊரிலும் நடப்பதுதானே.

எந்த சபையின் கொள்கையைப் புரிந்துகொள்ளவும் இந்தத் தையலைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். 'யார் அந்த ஆள்' என்று கேட்டால் பெயர்தான் கிடைக்கும். அதுவும் இருபது வருடத்துக்கு ஒருமுறை மாறும். 'எந்த வசனத்தை எதோடு சேர்த்தீர்கள்' என்று கேட்டால் அந்த சபையின் வரலாறே கிடைத்துவிடும்.

முதலில் 666 என்ற எண்ணை முடித்துவிடலாம். அதில்தான் ஆட்கள் அதிகம் வழுக்கி விழுகிறார்கள்.

'அந்த மிருகத்தின் இலக்கத்தைப் புத்தியுடையவன் கணக்குப்பார்க்கக்கடவன்' என்கிறது 13:18. எழுத்துக்கு எண் வைப்பது கிரேக்கருக்கும் எபிரேயருக்கும் அன்றாடப் பழக்கம். அவர்களுக்கு எண்ணுக்கென்று தனிக் குறிகள் இல்லை, எழுத்துகளே எண்கள். நம்மிடமும் ஒரு சொந்தக்காரன் உண்டு: கர்நாடக சங்கீதத்து மேளகர்த்தா ராகங்களின் பெயர்களில் ஒளிந்திருக்கும் கடபயாதி. தீரசங்கராபரணத்தில் தீ 9, ர 2. திருப்பிப் போட்டால் 29, அந்த ராகத்தின் வரிசை எண். மேசகல்யாணியில் மே 5, ச 6; திருப்பினால் 65. பெயரைப் பார்த்து எண்ணைக் கண்டுபிடிப்பது எளிது. எண்ணைப் பார்த்துப் பெயரைக் கண்டுபிடிப்பது அப்படியில்லை. ஒரே எண்ணுக்கு ஆயிரம் பெயர்கள் பொருந்தும். சிக்கல் முழுவதும் இங்கேதான்.

ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்கும் விடை நீரோ சக்கரவர்த்தி. கணக்கு இப்படி: 'நெரோன் கேசர்' என்று எபிரேய எழுத்தில் எழுத வேண்டும். நூன் 50, ரேஷ் 200, வாவ் 6, நூன் 50 சேர்ந்து 306. கோஃப் 100, சாமெக் 60, ரேஷ் 200 சேர்ந்து 360. மொத்தம் 666. இதற்கு இரண்டு ஆட்சேபணைகள் உண்டு. கேசர் என்பதை வழக்கமாக நடுவில் ஒரு யோத் வைத்து எழுதுவார்கள். அதைச் சேர்த்தால் 10 கூடி 676 ஆகிவிடும். ஆனால் யூதேயப் பாலைவனத்து முரப்பாத் குகையில் கிடைத்த, நீரோவின் இரண்டாம் ஆட்சியாண்டைக் குறிக்கும் ஒரு கடன் பத்திரத்தில் யோத் இல்லாமலேதான் எழுதியிருக்கிறது. அந்த ஆட்சேபணை அத்தோடு சரி. இரண்டாவது கனமானது: கிரேக்கத்தில் எழுதிய புத்தகத்துக்கு எபிரேயத்தில் ஏன் கணக்குப் போட வேண்டும்? யோவானுக்கு நூறு வருடத்துக்குள் வாழ்ந்த இரேனியு, நீரோ பெயரையே எடுக்கவில்லை.

நீரோ கட்சிக்கு எதிர்பாராத சாட்சி ஒன்று உண்டு. சில பழைய பிரதிகளில் எண் 666 இல்லை, 616. எகிப்தின் ஆக்சிரிங்கஸ் குப்பைமேட்டில் கிடைத்து 1999-ல் வெளியான பாப்பிரஸ் 115 அவற்றில் ஒன்று. 'நெரோன்' என்பது கிரேக்க உச்சரிப்பு; லத்தீனில் 'நெரோ'. கடைசி நூனை எடுத்துவிட்டால் 50 குறையும், 616 வரும். இரண்டு எண்களுக்கும் ஒரே ஆள் பொருந்துவது வேறு எந்தப் பெயருக்கும் அவ்வளவு எளிதில் அமையாது. 616 பற்றி இரேனியுவுக்கும் தெரியும். பிரதி எடுத்தவர்களின் பிழை என்று ஒதுக்கினார்.

அவரே மூன்று பெயர்களைப் போட்டுப் பார்த்தார்: எவாந்தஸ், லத்தேய்னோஸ், தெய்தான். லத்தேய்னோஸ் என்றால் லத்தீன்காரன், அதாவது ரோமன். 30, 1, 300, 5, 10, 50, 70, 200, கூட்டினால் 666. மூன்றும் பொருந்துவதைப் பார்த்துவிட்டு, பெயர் இப்போதே தெரிய வேண்டியிருந்தால் தரிசனம் கண்டவரே சொல்லியிருப்பார், ஆகவே அடித்துச் சொல்ல மாட்டேன் என்று நிறுத்திக்கொண்டார். பின்னால் வந்தவர்களுக்கு அந்த அடக்கம் இல்லை. போப்பாண்டவரின் பட்டம் என்று சொல்லி 'விக்காரியுஸ் ஃபிலீ தேயி' என்பதை லத்தீன் எண்ணெழுத்துகளால் கூட்டினார்கள்: 112, 53, 501, மொத்தம் 666. கணக்கு சரிதான். ஆனால் அது போப்பின் அதிகாரபூர்வப் பட்டம் அல்ல. கான்ஸ்டன்டைன் கொடுத்ததாகப் புனையப்பட்ட போலித் தானப்பத்திரத்தில் வருகிற சொல்.

இப்போது வாட்ஸப்பில் சுற்றுகிற முறைக்கு வருவோம். ஆங்கில எழுத்துகளுக்கு 6-ன் வாய்ப்பாட்டில் மதிப்புக் கொடுப்பார்கள்: ஏ 6, பி 12, சி 18 என்று போய் இசட் 156. இந்த முறையில் 'கம்ப்யூட்டர்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கூட்டுங்கள்: 18, 90, 78, 96, 126, 120, 30, 108. விடை 666. உடனே கூட்டத்தில் 'அல்லேலூயா' எழும். அதே பென்சிலால் 'சேலம்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கூட்டுங்கள்: எஸ் 114, ஏ 6, எல் 72, ஈ 30, எம் 78. சரியாக 300. பக்கத்தில் 'ஸ்டீல்' என்று எழுதுங்கள்: எஸ் 114, டி 120, ஈ 30, இன்னொரு ஈ 30, எல் 72. அது 366. சேலம் ஸ்டீல், 666!

கஞ்சமலை அடிவாரத்து ஆலையில் உருண்டு வருகிற துருப்பிடிக்காத தகட்டுக்கும் யோவான் பத்மு தீவில் கண்ட தரிசனத்துக்கும் சம்பந்தம் கற்பிக்க ஆள் கிடைக்காமல் போகாது. ஆனாலும் வீட்டுத் தட்டையும் டம்ளரையும் தூக்கிப் போட வேண்டாம். இந்த முறையில் எல்லா மதிப்புகளும் 6-ன் மடங்கு. ஆகவே கூட்டுத்தொகையும் 6-ன் மடங்காகத்தான் இருக்கும். ஏழெட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு எழுத்து வரையுள்ள பெயர்களின் கூட்டுத்தொகை பெரும்பாலும் 400-க்கும் 1000-க்கும் இடையில்தான் விழும். அந்த இடைவெளியில் 6-ன் மடங்குகள் சுமார் நூறுதான். நூறு பெயரைப் போட்டுப் பார்த்தால் ஒன்றாவது 666-ல் வந்து நிற்பதற்கு அதிசயம் தேவையில்லை. நிற்காவிட்டால் எழுத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஷெவராய் 678 வருகிறது, 12 அதிகம். கடைப் பலகையில் ஒரு 'ஏ'யைச் சேர்க்கச் சொல்கிற எண்கணித ஜோதிடரிடம் கொடுத்தால் அரை நிமிடத்தில் சரி செய்துவிடுவார்.

இன்னொன்று. 666 என்பது மூன்று ஆறுகள் என்றே எல்லோரும் நினைக்கிறோம். யோவான் அப்படிப் பார்த்திருக்கவே முடியாது. கிரேக்கப் பிரதிகளில் 600-க்கு ஓர் எழுத்து, 60-க்கு வேறோர் எழுத்து, 6-க்கு இன்னோர் எழுத்து. மூன்றும் மூன்று முகம். பழைய தமிழ் எண்ணில்கூட ௬௱௬௰௬ என்று நடுவே நூறும் பத்தும் வந்து நிற்கும். ஆறு ஆறு ஆறு என்று மூன்று பேர் தோளோடு தோள் சேர்ந்து நிற்பது பூஜ்யமும் இடமதிப்பும் ஐரோப்பாவுக்குப் போன பிறகு உண்டான காட்சி. ஆகவே மூன்று ஆறுகளைத் தேடுகிற எந்த வாதமும் முதல் படியிலேயே தடுக்கி விழுகிறது.

பார்கோடு வாதம் அப்படிப்பட்டது. 1974-ல் அமெரிக்கக் கடையில் முதல் பொருள் ஸ்கேன் ஆனதிலிருந்து இது ஓய்ந்தபாடில்லை. இடது ஓரத்திலும் நடுவிலும் வலது ஓரத்திலும் நீண்டு தொங்குகிற மெல்லிய இரட்டைக் கோடுகள் ஒவ்வொன்றும் 6 என்பார்கள். அவை எண்ணே அல்ல; எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கருவிக்குக் காட்டும் எல்லைக்கற்கள். வலது பாதியில் 6-க்குரிய வடிவம் ஏழு கட்டங்கள் கொண்டது: கறுப்பு, வெள்ளை, கறுப்பு, அதன் பின் நான்கு வெள்ளை. முதல் மூன்று கட்டம் எல்லைக்கோட்டைப் போலவே இருப்பதால் வந்த மயக்கம் இது. அந்த அமெரிக்க பார்கோடின் இடது பாதியில் 6-க்கு வடிவமே வேறு, அங்கே கடைசியில் நான்கு கட்டம் தடித்த கறுப்பு.

ஆதார் வந்தபோது, 'பாஸ்டர், இதை எடுக்கலாமா?' என்ற கேள்வியும் கூடவே வந்தது. கைரேகை பத்து, கருவிழி இரண்டு, எண் பன்னிரண்டு இலக்கம். கடைசி இலக்கம் பிழை பிடிப்பதற்கான சோதனை இலக்கம். மற்றவை குலுக்கல் முறையில் அமைவதால், எங்காவது 666 என்று அடுத்தடுத்து வருவதற்கான வாய்ப்பு சுமார் நூற்றுக்கு ஒன்று. நூறு பேர் கூடுகிற சபையில் ஒருவருடைய அட்டையிலாவது அது இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். அந்த ஒருவர் மிகவும் பக்தியுள்ள பாட்டியாகவும் இருக்கலாம். ஆதாரை எதிர்க்கத் தனியுரிமை சார்ந்த நல்ல காரணங்கள் இருந்தன. 2018-ல் உச்ச நீதிமன்றம்வரை போய் வாதாடப்பட்டன. இந்தக் காரணம் அந்தப் பட்டியலில் சேராது.

'முத்திரை' என்ற சொல்லும் நம்மைக் குழப்புகிறது. பழைய மொழிபெயர்ப்பில் 7-ஆம் அதிகாரத்தில் தேவனுடைய ஊழியக்காரர் நெற்றியில் போடுவதும் முத்திரை, 13-ல் மிருகம் போடுவதும் முத்திரை. கிரேக்கத்தில் இரண்டும் வெவ்வேறு சொற்கள். முதலாவது மோதிரத்தால் பதிக்கும் அடையாளம். இரண்டாவது 'காரக்மா': நாணயத்தில் அடித்த உருவம், அரசாங்கப் பத்திரத்தில் பதித்த சின்னம், கால்நடைக்குப் போட்ட சூடு. மாட்டுச் சந்தைக்குப் போகிறவர்களுக்கு 'சூடு' என்றால் சட்டென்று விளங்கியிருக்கும். 'கொள்ளவும் விற்கவும் கூடாது' என்பது சக்கரவர்த்தியின் முகம் பதித்த காசைப் புழங்குகிறவர்களைப் பார்த்துச் சொன்னது என்று வாசிக்கிறவர்கள் இந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். வலதுகை, நெற்றி என்பதற்கும் வேர் உண்டு. கட்டளைகளைக் கையில் கட்டிக்கொள், கண்களுக்கு நடுவே வைத்துக்கொள் என்பது உபாகமம் 6:8. மிருகம் அதற்குப் போலி செய்கிறது. மறுபடியும் அந்த 'பதிலாக'.

சரி, சபைகளுக்கு வருவோம். எல்லோரும் பிரிகிற முச்சந்தி தானியேல் 9:27. அதில் தமிழுக்கே உரிய ஒரு வேடிக்கை இருக்கிறது.

தானியேலுக்குச் சொல்லப்பட்டது எழுபது வாரங்கள். ஒரு வாரத்தை ஏழு வருடமாக வைத்தால் 490. அதில் 69 வாரம், 483 வருடம், மேசியா, அதாவது வாக்களிக்கப்பட்ட மீட்பர், வரும்வரை. மிச்சம் ஒரு வாரம். அந்த ஒரு வாரத்துக்கு ஒருவர் உடன்படிக்கையை உறுதிப்படுத்துவார். பாதியில், அதாவது மூன்றரை வருடத்தில், பலியை நிறுத்துவார். யார் அந்த ஒருவர்? எபிரேயத்தில் வெறும் படர்க்கை வினை. மரியாதை, மரியாதையின்மை என்ற பேச்சே இல்லை. தமிழில் எழுத வேண்டுமென்றால் 'அவர்' அல்லது 'அவன்' என்று முடிவு செய்தே தீர வேண்டும். பழைய மொழிபெயர்ப்பு 'அவர் ஒரு வாரமளவும் அநேகருக்கு உடன்படிக்கையை உறுதிப்படுத்தி' என்று எழுதி, 'ஒழியப்பண்ணுவார்' என்று முடிக்கிறது. அதற்குப் பிறகுதான் 'பாழாக்குகிறவன்' வருகிறான். தமிழ் இலக்கணமே அவரை மேசியா என்று சொல்லிவிட்டது! ஆனால் அதே புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த வசனத்தில் வருவது அந்திக்கிறிஸ்துதான், இஸ்ரவேலோடு ஏழு வருட ஒப்பந்தம் போடுவான் என்று பெந்தெகொஸ்தே மேடைகளில் பிரசங்கம் நடக்கிறது. ஒரு 'ர்' குறுக்கே நிற்பதை யாரும் கவனிப்பதில்லை.

அந்தப் பிரசங்கத்தின் வரைபடம் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பிளிமத் சகோதரர் இயக்கத்து ஜான் நெல்சன் டார்பி வகுத்தது. 1909-ல் வெளியான ஸ்கோஃபீல்டு குறிப்புப் பைபிள் அதை உலகமெங்கும் கொண்டுபோனது. 69-ஆம் வாரத்தோடு தேவனுடைய கடிகாரம் நின்றுவிட்டது, சபையின் காலம் ஓர் இடைச்செருகல், இயேசுவின் இரகசிய வருகையில் சபை வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பிறகு 70-ஆம் வாரம் ஓடத் தொடங்கும். அந்த ஏழு வருடம்தான் அந்திக்கிறிஸ்துவின் ஆட்சி, பின்பாதி மகா உபத்திரவம். கணக்கு கி.மு. 445-ல், எருசலேமைத் திரும்பக் கட்ட நெகேமியா காலத்தில் பிறந்த உத்தரவில் தொடங்குகிறது. 445-லிருந்து 483 வருடம் போனால் கி.பி. 39-ல் போய் நிற்கும், இயேசுவின் காலத்தைத் தாண்டிவிடும். ஆகவே வருடத்துக்கு 360 நாள் என்று வைத்து, 483-ஐ 360-ஆல் பெருக்கி 1,73,880 நாள் என்று எடுத்து, கி.பி. 32-ல் இறக்குகிறார்கள். 42 மாதத்தை 1,260 நாள் என்று வெளிப்படுத்தின விசேஷம் சொல்வதால் மாதத்துக்கு 30 நாள் என்பது இவர்கள் ஆதாரம். யூதர்கள் வாழ்ந்த நாட்காட்டியோ, பருவம் தப்பாமலிருக்க அவ்வப்போது பதின்மூன்றாம் மாதம் சேர்த்துக்கொண்ட ஒன்று. பலவீனம் அங்கே இருக்கிறது.

ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் கி.மு. 457 உத்தரவில் தொடங்கி, சாதாரண வருடமாகவே எண்ணி, கி.பி. 27-ல் இயேசுவின் ஞானஸ்நானத்துக்கு வருகிறார்கள். கடிகாரம் நிற்பதில்லை, 70-ஆம் வாரம் தொடர்ந்தே ஓடிவிட்டது, 'அவர்' கிறிஸ்துவே. ஒரே வசனம், ஒரே வினைச்சொல்: ஒருவருக்கு இரட்சகர், பக்கத்துத் தெருக்காரருக்கு அவருடைய பரம எதிரி. நடுநிலையாக வரலாறு பார்க்கிறவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு, கி.மு. 167-ல் எருசலேம் ஆலயத்தில் அந்நிய பலிபீடம் வைத்த, சிரியாவை ஆண்ட கிரேக்க மன்னன் அந்தியோகஸ் எபிபானஸ் என்கிறார்கள். எனக்கு இதுதான் இயல்பான வாசிப்பாகப் படுகிறது. அந்த மன்னனின் பெயரில் இருப்பதும் தமிழ் அந்தி அல்ல.

அட்வென்டிஸ்டுகள் அந்திக்கிறிஸ்து என்று சொல்வது தனி ஆளை அல்ல, போப்பு என்ற நிறுவனத்தை. இது அவர்கள் கண்டுபிடிப்பும் அல்ல. லூதர் 1520-லேயே எழுதினார். 1537-ன் ஸ்மால்கால்டு கோட்பாடுகளிலும் 1646-ன் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையிலும் அதுவே கொள்கை. 1,260 நாளை 1,260 வருடமாக்கி, கி.பி. 538-ல் தொடங்கினால் 1798 வரும். அந்த வருடம் பிரெஞ்சு ராணுவம் போப் ஆறாம் பயஸைச் சிறைபிடித்தது. இங்கிலாந்தின் பக்தர்களுக்குப் புல்லரித்தது. லண்டன் மிஷன் பிறந்தது அதற்கு மூன்று வருடம் முன்னால், இதே காற்றில். 1827-ல் சேலத்தில் பணி தொடங்கியதும் அந்த மிஷன்தான். முடிவு வருடம் இவ்வளவு பொருத்தமாக இருக்கத் தொடக்க வருடம்தான் ஆட்டம் காண்கிறது. 538-ல் கோத்தியர் என்ற ஜெர்மானிய இனத்தார் போட்ட ரோம் முற்றுகை நீங்கியது உண்மை. ஆனால் 546-ல் அதே கோத்தியர் மறுபடி நகரத்தைப் பிடித்தார்கள். 1798-ஐ முதலில் வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கழித்தால்தான் 538 அவ்வளவு முக்கியமாகத் தெரியும்.

அந்த லண்டன் மிஷன் சபைகள் 1947-ல் சி.எஸ்.ஐ.க்குள் வந்தன. இன்று அங்கே இந்தப் பேச்சு மங்கிவிட்டது. அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்திலும் நைசியா பிரமாணத்திலும் 'நியாயந்தீர்க்க வருவார்' என்று இருக்கிறதே தவிர அந்திக்கிறிஸ்து பெயர் இல்லை. அதோடு நிறுத்திக்கொள்வது அவர்களுக்கு வசதி. அரிசிப்பாளையம் பேராலயத்துப் பக்கம் போனால், கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 675-ஆம் பத்தியில் பதில் வைத்திருக்கிறது: உண்மையைக் கைவிடுவதை விலையாகக் கேட்டு, மனிதர் பிரச்சினைகளுக்குத் தீர்வு தருவதாகச் சொல்லும் சமய ஏமாற்று, மனிதன் கடவுளின் இடத்தில் தன்னையே மகிமைப்படுத்தும் போலி மேசியாத்தனம். பெயர், வருடம், எண் எதுவும் இல்லை.

இதில் ஒரு முரண் ரசிக்கத்தக்கது. போப்பைக் காப்பாற்றுவதற்காக, 'அந்திக்கிறிஸ்து இன்னும் வரவில்லை, எதிர்காலத்தில் மூன்றரை வருடம் ஆளப்போகும் ஒரு தனி மனிதன்' என்று புராட்டஸ்டண்டுகளுக்கு விரிவாகப் பதில் எழுதியவர் ஃபிரான்சிஸ்கோ ரிபேரா என்ற ஸ்பானிய இயேசு சபைக் குரு, 1590 வாக்கில். எண்ணம் இரேனியு காலத்துப் பழசு, வாதமாகத் தீட்டியது அவர். இன்று ரோமைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கிற தனிச்சபைப் பாஸ்டர்கள் பிரசங்கிப்பது ஏறக்குறைய அந்தக் குருவின் சட்டகத்தைத்தான்.

தெசலோனிக்கேயரில் இன்னொரு முடிச்சு. 2:6-ல் 'தடைசெய்கிறது' என்று அஃறிணை, 2:7-ல் 'தடைசெய்கிறவன்' என்று உயர்திணை. கிரேக்கத்திலும் அப்படியேதான், தமிழ் அதை நுட்பமாகக் காத்திருக்கிறது. அது நீக்கப்பட்டால்தான் பாவமனுஷன் வெளிப்படுவான். எது அது? ரோமப் பேரரசு என்றார் பழைய திருச்சபை ஆயர் கிறிசோஸ்தோம்; பேரரசு அஃறிணை, சக்கரவர்த்தி உயர்திணை என்று இரண்டுமே பொருந்துகின்றன. பேரரசு போய் நூற்றாண்டுகள் ஆனதும் இந்த விடை செல்லாக்காசானது. டார்பி வழிக்காரர்கள் சபைக்குள் இருக்கிற பரிசுத்த ஆவி என்கிறார்கள், சபை எடுத்துக்கொள்ளப்படும்போது தடையும் நீங்கும். அவர்கள் கட்டடம் முழுவதும் இந்தத் தூணில்தான் நிற்கிறது. வசனத்தில் ஆவி என்ற சொல்லே இல்லை. அகஸ்டீன் மட்டும், அவர் என்ன சொல்லவருகிறார் என்று எனக்குத் தெரியவில்லை என்று நேராக எழுதிவிட்டுப் போனார்.

கோட்டை ஜாமியா மசூதிப் பக்கம் இந்த ஆளுக்குப் பெயர் தஜ்ஜால். குர்ஆனில் பெயர் இல்லை; விவரம் முழுவதும் நபிமொழிகளான ஹதீஸ்களில். கிறிஸ்தவர்களின் உருவத்தைவிட அங்க அடையாளங்கள் துல்லியம்: ஒரு கண் குருடு, துருத்திய திராட்சை போல, இரு கண்களுக்கு நடுவே காஃப், ஃபே, ரே என்ற மூன்று எழுத்து, அதாவது 'காஃபிர்', இறைமறுப்பாளன். எழுதப் படிக்கத் தெரியாத விசுவாசிக்கும் அது வாசிக்க வரும். மக்காவிலும் மதீனாவிலும் அவனால் நுழைய முடியாது. முடிவில் அவனைக் கொல்வது ஈஸா நபி, அதாவது இயேசுவே. இடம் லுத் நகர வாசல், இன்றைய இஸ்ரேலின் லோத். இரண்டு மதத்துக்கும் அவன் எதிரி, இரண்டிலும் வீழ்த்துகிறவர் ஒருவரே என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். யார் என்ற ஊகம் இங்கேயும் ஆரம்பத்திலேயே தொடங்கிவிட்டது. மதீனாவில் வாழ்ந்த இப்னு ஸய்யாது என்ற இளைஞனையே நபித்தோழர்கள் சிலர் சந்தேகித்தார்கள். அஹ்மதியா பிரிவினர் ஆளை விட்டுவிட்டு ஐரோப்பிய வல்லரசுகளையும் மிஷனரிகளையும் தஜ்ஜால் என்றார்கள், அவன் ஏறிவரும் கழுதைக்கு ரயில் என்று பொருள் சொன்னார்கள். சூரமங்கலம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். மற்ற முஸ்லிம்கள் இதை ஏற்பதில்லை.

தற்காப்பு முறையும் நடைமுறையானது. ஒவ்வொரு தொழுகையின் கடைசி இருப்பிலும் நான்கிலிருந்து பாதுகாப்புக் கேட்பார்கள்: நரக வேதனை, கப்ரு (கல்லறை) வேதனை, வாழ்வு மரணத்தின் சோதனை, தஜ்ஜாலின் சோதனை. குர்ஆனில் 110 வசனங்கள் கொண்ட கஹ்ஃப் அத்தியாயத்தின் முதல் பத்து வசனங்களை மனப்பாடம் செய்தவர் அவனிடமிருந்து காக்கப்படுவார் என்பது ஹதீஸ். ஒப்பந்தம் எப்போது, கொம்பு எந்த நாடு என்று தேட வேண்டியதில்லை.

அவன் தங்கும் காலம் 40 நாள். முதல் நாள் ஒரு வருடம் போல, இரண்டாவது ஒரு மாதம் போல, மூன்றாவது ஒரு வாரம் போல, மீதி 37-ம் நம் நாட்கள் போல. சந்திர வருடம் 354 நாள், மாதம் 30 நாள் என்று வைத்தால் 428 நாள் வருகிறது, கிறிஸ்தவக் கணக்கின் 1,260-ல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இதைக் கேட்டதும் தோழர்கள் அவன் எந்த ஊர், எந்த அரசன் என்று கேட்கவில்லை. ஒரு வருடம் நீளும் அந்த நாளில் ஒரு நாளுக்குரிய தொழுகை போதுமா என்று கேட்டார்கள். போதாது, நேரத்தை அளவிட்டுக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. கோடையில் வாரக்கணக்கில் சூரியன் மறையாத துருவப் பக்கத்து ஊர்களில் இரவுத் தொழுகையான இஷாவுக்கும் விடியல் தொழுகையான ஃபஜ்ருக்கும் நேரம் குறிக்கும்போது மார்க்க அறிஞர்கள் எடுத்துக்காட்டும் ஆதாரங்களில் இந்த ஹதீஸும் ஒன்று.